முப்பத்தெட்டும் நாற்பத்தொன்றும்

வீட்டிலிருந்து,
4ஆம் தேதி, திங்கள்கிழமை

அன்புள்ள மீட்டர்க்காரிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருக்க வேண்டும். பார்சலில் நீ போட்டிருந்த முடிச்சை அவிழ்க்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அப்படி இறுக்கிக் கட்டும் கைக்கு ஒரு குறையும் வந்திருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். டப்பி பத்திரமாக வந்து சேர்ந்தது. அதைச் சுற்றியிருந்தது ஒற்றைக் கம்பளிக் காலுறை. அதன் ஜோடி எங்கே? மலையைக் குடைந்து உள்ளே வைத்திருக்கும் மின் நிலையத்தில் ஒரு காலுக்கு மட்டும் குளிராதா என்ன?

உங்கள் வாசல் காவலாளிக்கு என் வணக்கத்தைச் சொல். எல்லாருடைய போனையும் பிடுங்கி வைத்துக்கொள்கிறவர், நம் டப்பியை, இந்தப் பழைய எலக்ட்ரானிக் டைரியை மட்டும் கால்குலேட்டர் என்று நம்பி உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறார். அவர் புதுக் கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இருக்க வேண்டும். நீ மூன்று மாதம் அதில் எழுதுவதும், நான் அதைக் கம்ப்யூட்டரில் சேர்த்து, வீட்டுச் சங்கதிகளை ஏற்றித் திருப்பி அனுப்புவதும் இல்லாமல் போனால் நமக்குள் மிச்சம் என்ன இருக்கும்?

இந்த முறை அங்கேதான் சிக்கல். பதறாதே, முழுக்கப் படி. போன மாதம் மின்சாரம் போய்ப் போய் வந்ததில் நம் பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடிவிட்டது. ரிப்பேர் கடைத் தாடிக்காரர் வேறொரு பழைய கம்ப்யூட்டரைத் தட்டிக்கொட்டி, அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். டப்பியைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை, அவர்கள் கொடுத்த பழைய புரோகிராம் இதில் ஓடாது. ஆனால் ஊர் பேர் தெரியாத சிலர் இலவசமாக எழுதிப் போட்ட புரோகிராம் ஒன்று இருக்கிறதாம். அதில் படம் கிடையாது, அழுத்த ஒன்றும் கிடையாது. ஒரு கறுப்புத் திரை இருக்கும், அதில் நாம் கமாண்டை அடிக்க வேண்டும். தாடிக்காரர் இரண்டு பக்கம் அச்செடுத்துக் கையில் கொடுத்து, "பயப்படாதீங்க சார், எழுத்துப் பிழை இல்லாம அடிச்சாப் போதும்" என்றார். இருபத்தாறு வருஷமாக அச்சகத்தில் புரூஃப் திருத்துகிறவனிடம் இதைச் சொன்னால் அவன் எப்படிப் பயப்படுவான்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

முதல் நாள், டப்பியை இணைக்கிற போர்ட் என்று ஒன்றே இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. தாடிக்காரரைப் போனில் கேட்டேன். டப்பியை நிறுத்தி வைக்கிற ஸ்டாண்டில் இருக்கும் பட்டனை அழுத்தினால்தான் அந்த வழி திறக்குமாம், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தானாம். இரண்டாம் நாள் பட்டனை அழுத்தினேன். வழி திறந்தது, ஆனால் எனக்கு அனுமதி இல்லை என்றது. என் வீடு, என் மேஜை, என் பெண்டாட்டியின் டப்பி, எனக்கு அனுமதி இல்லையாம்! தாடிக்காரர் நேரில் வந்து கம்ப்யூட்டருக்குள் அனுமதி உள்ளவர்களின் ஏதோ ஒரு குழுவில் என் பெயரைச் சேர்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அனுமதியும் கிடைத்தது. பட்டனை அழுத்துகிறேன், டப்பி 'இணைகிறேன்' என்கிறது, கமாண்டை அடிக்கிறேன், கம்ப்யூட்டர் 'காத்திருக்கிறேன்' என்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலே களைத்துப் போய் நின்றுவிடுகின்றன. முப்பது தடவையாவது செய்திருப்பேன். குட்டி போட்ட பூனை மாதிரி அந்த மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

இதில் கவலை என்னவென்றால், ஒவ்வொரு தடவையும் டப்பியின் பேட்டரி குறைகிறது. இப்போது கால் பங்குதான் காட்டுகிறது. முழுக்கத் தீர்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று நீதானே சொல்லியிருக்கிறாய்? பேட்டரியை மாற்றுவதென்றால் ஒரு நிமிஷத்துக்குள் மாற்ற வேண்டும் என்றும் சொன்னாய். என் விரல்களைப் பற்றி உனக்குத் தெரியும். அதனால் அதைத் தொடவே பயமாக இருக்கிறது. வேறெங்கும் எழுதி வைக்காத முக்கியமான விஷயம் ஏதாவது அதில் இருக்கிறதா? இருந்தால் உடனே எழுது.

மற்றபடி ரயில் கால அட்டவணை வேலை நடக்கிறது. பக்கம் பக்கமாக எண்கள். அக்கா வாரம் இரண்டு தடவை வந்து, நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போகிறாள். "அவ எப்படா வருவா?" என்று கேட்கிறாள். இன்னும் நாலு மாசம் என்றேன். உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். என்ன நிறம் வேண்டும் என்று எழுது. நானாகத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பது குளியலறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்பான,
வீட்டுக்காரன்


வீட்டிலிருந்து,
13ஆம் தேதி, புதன்கிழமை

அன்புள்ள மீட்டர்க்காரிக்கு,

போன கடிதம் கிடைத்து, பதில் எழுத நீ உட்கார்ந்திருப்பாய். பேனாவைக் கீழே வை. டப்பி பிழைத்துக்கொண்டது. இந்தப் பார்சலில் அதுவே உன் கைக்கு வருகிறது, புதுப் பேட்டரியோடு. விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். பதினெட்டாம் தேதிக்குள் வந்துவிடும் என்று தபால் அலுவலகத்தில் அடித்துச் சொன்னார்கள். ஏன் இந்த அவசரம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். சொல்வதற்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அதுவரை டப்பியின் கதையைக் கேள்.

தவறு என்னுடையதுதான். தாடிக்காரர் எங்கெங்கோ தேடி, இதே புரோகிராமைப் பற்றிப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் கேட்டிருந்த கேள்வியைக் கண்டுபிடித்துக் காட்டினார். என் புலம்பலேதான். முகம் தெரியாத அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இன்னொருவர் அவருக்குப் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார். கமாண்டை முன்கூட்டியே அடித்துத் தயாராக வைத்துக்கொள், பட்டனை அழுத்து, இரண்டு எண்ணு, என்டரைத் தட்டு, யோசிக்காதே. இவ்வளவுதான் பதில்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? பட்டனை அழுத்திவிட்டு, அதன் பிறகு கமாண்டை அடித்து, அடித்ததை மூன்று தடவை பிழை பார்த்துவிட்டு என்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் டப்பி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கதவைச் சாத்திவிடும். தாடிக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் செய்வதைப் பார்த்தார். "சார், நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள அது தூங்கிடுது" என்றார். அசடு வழிந்தேன்.

இரண்டு எண்ணி என்டரைத் தட்டினேன். அடுத்த நொடி திரையில் வரி வரியாக ஓட ஆரம்பித்தது. முகவரிகள், நாள்காட்டி, செய்ய வேண்டியவை, குறிப்புகள். நான் கையைத் தட்டிவிட்டேன், வெட்கமில்லாமல். தாடிக்காரரும் தட்டினார். மொத்தமும் கம்ப்யூட்டரில் பத்திரமாக இறங்கிவிட்டது. தாடிக்காரர் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன கையோடு எனக்குத் துணிச்சல் தலைக்கேறியது. பேட்டரியை மாற்றிவிடலாம் என்று பின்பக்க மூடியைக் கழற்றினேன். பழசு இரண்டையும் எடுத்தேன். புதிதில் ஒன்றைப் போட்டேன். இன்னொன்று கையிலிருந்து நழுவி அலமாரிக்கு அடியில் உருண்டுவிட்டது. குப்புறப் படுத்துக் கையை விட்டுத் துழாவி, துடைப்பத்தால் தள்ளி, வெளியே எடுத்துப் போட்டு நிமிர்ந்தபோது, டப்பி என்னை யாரென்றே தெரியாதது போலப் பார்த்தது. திரையில் இங்கே தொடு, அங்கே தொடு, இன்று என்ன தேதி என்று கேட்டது. உள்ளே ஒரு எழுத்து இல்லை. கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கிறது என்று மூளைக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை.

இருந்தும் தாடிக்காரரைக் கூப்பிடவில்லை. அச்செடுத்த பக்கத்தில், திரும்ப ஏற்றுவதற்கான கமாண்டு இருந்தது. அடித்தேன். ஒரே ஒரு தடவைதான் பிழை பார்த்தேன். பட்டன், ஒன்று, இரண்டு, என்டர். ஐந்து நிமிஷத்தில் டப்பிக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. டப்பியில் நீ செய்து வைத்திருந்த ஏற்பாடுகள் உட்பட, எதுவும் மாறாமல் வந்தது.

இங்கேதான் என் தொழில் குறுக்கே வந்தது. சரியாக வந்துவிட்டதா என்று ஒத்துப்பார்க்காமல் உன்னிடம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. குறிப்புகள் எத்தனை என்று டப்பியில் எண்ணினேன். முப்பத்தெட்டு. கம்ப்யூட்டரில் இருக்கும் குறிப்புகளை எல்லாம் வரிசையாக எழுதிக் காட்டச் சொல்லி இன்னொரு கமாண்டு உண்டு. அதைக் கொடுத்து எண்ணினேன். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று. உன்னுடைய மூன்று குறிப்புகளைத் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். தொலைந்தவை எவை என்று தெரிந்தாலாவது கையால் அடித்துச் சேர்த்துவிடலாம் என்று எல்லாவற்றையும் அச்செடுத்தேன். இடது பக்கம் டப்பி, வலது பக்கம் தாள், நடுவில் அடிக்கோல். அட்டவணைக்குச் செய்வது போலவே ஒவ்வொரு குறிப்பாக ஒத்துப்பார்த்து டிக் போட்டுக்கொண்டு வந்தேன்.

மூன்றில் டிக் விழவில்லை. அந்த மூன்றையும் முழுக்கப் படித்தேன்.

தொலைந்து போகவில்லை, நீ மறைத்து வைத்திருக்கிறாய் என்று அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் தாடிக்காரரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. குறிப்பில் என்ன இருந்தது என்று அவரிடம் நான் மூச்சு விடவில்லை. மூன்று குறைகிறதே என்று மட்டும் கேட்டேன். அவர், "பிரைவேட்னு போட்டு வச்சிருப்பாங்க சார். டைரி அதை வெளிய காட்டாது. இந்த புரோகிராமுக்கு மறைக்கவெல்லாம் தெரியாது" என்றார். எனக்கு முகம் கன்றிப் போய்விட்டது. பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற புத்தி எனக்கு எந்நாளும் கிடையாது, உனக்குத் தெரியும். ஆனாலும் படித்தவன் படித்தவன்தான். மன்னித்துவிடு. படிக்காத மாதிரி நடித்து டப்பியைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். இரண்டு நாள் அப்படித்தான் செய்ய நினைத்தேன். முடியவில்லை.

உங்கள் பெரிய இன்ஜினியர் உன்னை அங்கேயே, மீட்டர் பிரிவு முழுவதற்கும் தலைவியாக, மூன்று வருஷத்துக்கு இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இருபத்தைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டுச் சூழ்நிலை காரணமாக ஏற்க இயலவில்லை என்று நீ அவருக்கு எழுதி வைத்திருக்கும் பதில்தான் முதல் குறிப்பு. அதில் ஒரு பிழை கூட இல்லை. எனக்கு அதைப் பார்த்துப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுச் சூழ்நிலை என்றால் யார் என்பது இரண்டாவது குறிப்பில் இருந்தது. நான்தான். நின்றுகொண்டே சாப்பிடுகிறேனாம். இல்லை, இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன், வேண்டுமானால் விசைப்பலகையைத் தலைகீழாகத் தட்டிப் பார். ஜன்னலைத் திறப்பதில்லையாம். திறந்தால் புரூஃப் தாள் பறக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய? ரேடியோவோடு பேசுகிறேனாம். செய்தி வாசிக்கிறவர் தப்பாக வாசித்தால் திருத்தாமல் எப்படி இருப்பது? 'காய்ச்சல் வந்தா யார்கிட்டயும் சொல்ல மாட்டார், அண்ணி போய்ப் பார்த்தாத்தான் தெரியும்' என்று எழுதியிருக்கிறாய். அக்காதான் உன்னிடம் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும், அவளை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன். இவற்றுக்கெல்லாம் நான் சப்பைக்கட்டு கட்டிவிடுவேன். கடைசியாக, 'நான் இல்லேன்னா இவர் சிரிக்கவே மாட்டார்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அது உண்மை.

மூன்றாவது குறிப்பில் இருந்தது இரண்டே சொல். 'எனக்கு வேணும்.'

முந்தையதற்குப் பத்து நாள் கழித்து எழுதியிருக்கிறாய். அதற்கு மேலும் கீழும் ஒன்றும் இல்லை.

இருபத்திரண்டு வருஷமாக உன்னோடு இருக்கிறேன். வீட்டுக்கு வேணும் என்று சொல்லியிருக்கிறாய். உங்களுக்கு வேணும், அண்ணிக்கு வேணும், அம்மாவுக்கு வேணும் என்று சொல்லியிருக்கிறாய். எனக்கு வேணும் என்று நீ ஒரு புடவைக்குக் கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படி ஒரு வார்த்தை உன்னிடம் இருக்கிறது என்பதையே ஒரு கறுப்புத் திரையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்வதற்கு உனக்கு என்னைவிட அந்த டப்பி வசதியாக இருந்திருக்கிறது. அன்று முழுவதும் உன் மேல் கோபமாக இருந்தேன். மறுநாள் அந்தக் கோபம் என் மேல் திரும்பியது. இன்றைக்கு யார் மேலும் இல்லை.

அதனால் சொல்கிறேன், அந்த வேலையை ஏற்றுக்கொள். 'இவர்கிட்ட கேட்டா போன்னுதான் சொல்வார், அதனால கேக்கக் கூடாது' என்றும் எழுதியிருக்கிறாயே, இது அந்த மாதிரிச் சொல்வது இல்லை. பெருந்தன்மைக்காகச் சொன்னால் எனக்கு இத்தனை நாள் பிடித்திருக்காது. நீ வரப் போகிறாய் என்று நாள்களை எண்ணிக்கொண்டிருந்தவன் நான். வெள்ளையடிப்பவரிடம் போய், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தபோது தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். உனக்கும் கஷ்டமாக இருக்கும். கஷ்டமாக இருக்கும் என்பதற்காக, எந்த மீட்டர் பொய் சொல்கிறது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற ஒருத்தி, இங்கே வந்து என் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

நான் தனியாக இருக்கத் தெரியாதவன் என்று நீ நினைத்தால், உன் டப்பியைத் திறந்து பார். மொத்தமும் அழிந்து போனதை, யாரையும் கூப்பிடாமல், ஒரே ஆளாகத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். போன வருஷம் நான் பல்பு மாற்றியதற்கே நீ பக்கத்தில் நின்று ஏணியைப் பிடித்தாய். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே அக்காவுக்குச் சொல்வேன். இதை அவள் முன்னிலையில் ஒப்புக்கொண்டுவிட்டேன். அவளிடம் உன் வேலை விஷயத்தையும் சொன்னேன், மறைக்கத் தெரியவில்லை. கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். பிறகு, "அவ மட்டும் வேண்டாம்னு எழுதட்டும், நானே அங்க போய் நாலு அறை விடுறேன்" என்றாள். உன் நாத்தனாரைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள், எனக்கு அன்று அவளைப் பிடித்தது.

டப்பியில் உன் மூன்று குறிப்புகளும் நீ வைத்தபடியே மறைந்து இருக்கின்றன. ஒரு எழுத்தையும் நான் தொடவில்லை. அச்செடுத்த தாளைக் கிழித்துவிட்டேன். அடுத்த ரயில் எத்தனை மணிக்கு, எங்கே மாற வேண்டும், உங்கள் மலையடிவாரத்துக்கு எது கடைசி வண்டி என்று பார்த்து நாள்காட்டியில் எழுதி வைத்திருக்கிறேன். அட்டவணை என் கையில்தானே இருக்கிறது, இனி உனக்கு விடுமுறை கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். வாசலில் அந்தக் காவலாளி என்னை என்னவென்று நினைத்து உள்ளே விடுவார் என்று தெரியவில்லை.

இருபத்தைந்தாம் தேதிக்குள் பெரிய இன்ஜினியரிடம் சரி என்று சொல்லிவிடு. கையெழுத்துப் போட்டுவிடு. அதற்குப் பிறகு உங்கள் குடியிருப்பில் இருக்கிற அந்த ஒரே போனுக்கு, வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நின்று, எனக்கு ஒரு தடவை பேசு. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று அவசரப்படாதே. சாப்பிட்டாயா, சாப்பிட்டீர்களா என்று நாம் எப்போதும் பேசுகிற பேச்சு அன்று வேண்டாம். ஏற்றுக்கொண்டேன் என்று நீ சொன்னதும் நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தால், லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. அப்படியே பிடித்துக்கொண்டு நில். பேசிவிடுவேன்.

எடுத்த காரியத்தில் உனக்கு ஒரு குறையும் வராது. நன்றாக இரு.

என்றும் உன்,
வீட்டுக்காரன்